மொண்டெல்லோவில் என் வெள்ளிக்கிழமை இடம்

இத்தாலியின் பலெர்மோவில் இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில் வேலை செய்பவர் ஊருக்குப் போவதென்றால், தன் இடத்தில் இன்னொருவரை விட்டுவிட்டுப் போவார். அவர் திரும்பி வந்ததும் அந்த மாற்று ஆள் விலகிக்கொள்ள வேண்டும். மீறியவருக்கு நாங்கள் குடியிருக்கும் ஒரேத்தோப் பக்கம் பிறகு ஒருவரும் வேலை சொல்லமாட்டார்கள்.

அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் கித்தார் வாசிக்கும் இடத்தையும் ஒருவனிடம் விட்டுப் போனேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கப்பலில் எண்ணெய் துடைத்தேன், ஏதென்ஸில் மூட்டை தூக்கினேன், இங்கே மாடிப்படி கழுவுகிறேன். கப்பலில் யாரோ விட்டுப்போன ஒலிநாடாக்களைக் கேட்டுத்தான் ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பர்களின் சோக இசையை வாசிக்கப் பழகினேன். கம்பியைத் தள்ளி வளைத்தால் மனிதத் தொண்டைபோல அது இழுபடும். எங்கள் பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துகளில் வாசித்தால், "என்ன அண்ணை, செத்தவீடே? ஆடுறமாதிரி ஒண்டு போடுங்கோ" என்று கத்துவார்கள். அதற்கு நான் கோபித்ததில்லை.

மொண்டெல்லோவில் கடற்கரையோர உணவகம் ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்க இடம் கிடைத்தது. முதல் நாளே பரிமாறுகிறவன் என்னைப் பார்த்துச் சமையலறைக் கதவைக் காட்டினான். கித்தார் பெட்டியை உயர்த்திக் காட்டினேன். போகப்போக, சாப்பிட வருகிறவர்கள் பாட்டுக் கேட்டு வாங்கினார்கள். இந்த ஊரில் நான் கித்தார்காரனாக இருந்த ஒரே இடம் அது.

அம்மாவுக்குச் சுகமில்லை என்று மன்னாருக்குப் போக வேண்டி வந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் தம்பியொருவனை என் இடத்தில் விட்டேன்.

"பயப்பிடாமல் போங்கோ அண்ணை. நான் இடத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

திரும்பி வந்த வெள்ளியே பஸ் ஏறினேன். உணவகத்தில் கீபோர்ட் மூலையில் துவாயால் மூடிக் கிடந்தது. தம்பி ஏப்ரன் கட்டிக்கொண்டு மேசைகளில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"கோவிக்காதேங்கோ அண்ணை. ஒருநாள் கோப்பை கழுவுற ஆள் வரேல்லை எண்டு முதலாளி என்னைக் கழுவச் சொன்னார். மாட்டன் எண்டால் உங்கடை இடம் போயிடும் எண்டு பயந்து கழுவினன். பிறகு ஒவ்வொரு கிழமையும் சொல்லுறார்."

முதலாளி சிரித்தபடி வந்தார். கையில் இன்னொரு ஏப்ரன்.

"வந்துவிட்டாயா? நல்லது. வாசி, இடையில் கொஞ்சம் தட்டுக் கழுவு. அவன் செய்கிறானே."

இடதுகை விரல்நுனிகளைக் காட்டினேன். காய்ப்புப் பிடிக்க வருடங்கள் எடுத்த தோல். சோப்புத் தண்ணீரில் ஊறினால் அடுத்த பாட்டிலேயே கம்பி வெட்டும். மாடிப்படி கழுவுகிறவன் நான், வெட்கத்தில் மறுக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை உங்கள் இத்தாலியன் ஒருவன் வந்து பாடுகிறானே, அவனிடமும் ஏப்ரன் கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"அவன் கலைஞன்" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை.

"அண்ணை, நீங்கள் வாசியுங்கோ. உங்கடை கோப்பையையும் நான் கழுவுறன்" என்றான் தம்பி.

என் இடத்தைக் காக்க இரண்டு பேரின் தட்டையும் கழுவ நிற்கிறான். எங்களுடைய இந்த நல்ல குணத்தைத்தான் இந்த ஊர் முதலாளிகள் "நல்ல வேலைக்காரர்கள்" என்று மெச்சுகிறார்கள். என்னோடு வெளியே வா என்று அவனைக் கூப்பிடவும் முடியாது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அவனுக்கு வேலை வேண்டும்.

"இடம் இனி உன்ரை. எனக்காக ஒரு கோப்பையும் கழுவாதை" என்றேன்.

வெளியே போய், உணவகத்துக்கு எதிரே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். முன்பு அவர்கள் கேட்டு வாங்கிய அதே பாட்டு. சில மேசைகள் திரும்பிப் பார்த்தன. முதலாளி ஓடிவந்தார்.

"சாப்பிடுகிறவர்களுக்குத் தொந்தரவு."

"உங்கள் கடை உள்ளே இருக்கிறது. இது தெரு" என்றேன்.

வாசலில் தட்டுகளைச் சுமந்தபடி தம்பி நின்று கேட்டான். முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பாட்டு முடியும்வரை அவன் அசையவில்லை.