ஸ்ட்ரைக்கரைக் கொடுத்துவிட்டார்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் ‘மிலிட்ரி’. பாதி மிலிட்ரி என்றால்தான் சரி. மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. பிராந்திய ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தால் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், திரும்பி வந்ததும் மறுபடி ஸ்பேனர். முழுநேர ராணுவக்காரருக்கு குவார்ட்டர்ஸ் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே பனியையும் பயத்தையும் பார்த்தவராக இருப்பார். இவருக்குத் திருவொற்றியூரில் இருந்தது நானும், “கேன்டீன் சரக்கு கீதா மிலிட்ரி?” என்று பல்லைக் காட்டிக்கொண்டு வருகிற தெருவும்தான்.

கேரம் கிளப்பைச் சொல்ல விட்டுவிட்டேன். கடலுக்குப் போகிற சந்தில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே இவருக்கு ஆட்ட ஜோடி, காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற ஒருவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜோடி. பார்க்கப்போனால் நான்தான் இரண்டாந்தாரம்.

கடைசியாக வடக்கே எல்லைப் பக்கம் போனவர் ரொம்ப நாள் கழித்து, இளைத்துப் பாதி உடம்பாகத் திரும்பினார். வந்த கொஞ்ச நாளில் ஒரு போன். அங்கே இவரோடு ஒரே அறையில் இருந்தவர், வேறு மாவட்டத்துக்காரர், ஊருக்குப் போய்த் தற்கொலை செய்துகொண்டாராம். அன்றைக்கு மூடிய வாய்தான். என்னவென்று கேட்டால் ஒரே பதில் வரும்.

“பேஜாரா கீதுமே.”

எங்கள் ஊரில் கன்டெய்னர் லாரி ரோட்டை அடைத்தால் பேஜாரு, குழாயில் தண்ணீர் வராவிட்டால் பேஜாரு, மாமியார் வந்து தங்கினாலும் பேஜாரு. இவருடைய பேஜாரும் அந்த வகை என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். வேறென்ன தெரியும் எனக்கு?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் தெளிந்துவிட்டது. சவரம் பண்ணிக்கொண்டார், ஃபேன் துடைத்தார், நான் மீன் கழுவும்போது பக்கத்தில் குந்தி செதில் எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் ஜோடிக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கையில் இவர் கேரம் காயை அடிக்கிற ஸ்ட்ரைக்கர்.

“அவன் எங்க அண்ணி?”

“படுத்துக்கினு கீறாரு. இன்னா விசயம்?”

“இத நீயே வச்சிக்கன்னு காலைல வந்து குட்த்துட்டு பூட்டான்.”

கேரம் ஆடுகிறவர்களோடு பழகாதவர்களுக்கு இது விளங்காது. சட்டையைக் கேட்டால் கழற்றிக் கொடுப்பார்கள், பைக்கைக் கேட்டால் சாவியை எறிவார்கள். ஸ்ட்ரைக்கரை மட்டும் கைமாற்ற மாட்டார்கள். நான் தொட்டாலே துணி எடுத்துத் துடைக்கிற மனிதர் இவர்.

“தோஸ்துன்னு ஆசையா குட்த்திருப்பாரு” என்றேன்.

“இத குட்த்துட்டு இன்னாத்த வச்சி ஆடுவான் அண்ணி? இனிமே ஆடப்போறதில்லன்னு முடிவு பண்ணவன்தான் குடுப்பான்.”

நான் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

ஜோடிக்காரர் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இவரை எழுப்பினார். சுற்றி வளைத்துப் பேசுவார் என்று நினைத்தேன். நேராகக் கேட்டுவிட்டார்.

“மச்சி, செத்துப்பூடலாம்னு தோணுதா உனுக்கு?”

நல்ல நாளும் அதுவுமாக என்ன வார்த்தை இது என்று அவர் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் என் வீட்டுக்காரர், “ஆமாண்டா” என்றார்.

முதலில் எனக்கு வந்தது கோபம். “யோவ், உனுக்குன்னு நா ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் கீறேன், எங்கைல சொல்ல மாட்டியா நீ?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. இவரும் அழுதார். ஜோடிக்காரர் இவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் இவருக்குத் தயக்கம், பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களே என்று.

“கீழ்ப்பாக்கம் கேசுன்னு சொல்வானுங்கடா.”

“சொல்றவன் சொல்லிக்கினு போறான். நீ உசுரோட குந்திக்கினு கேளு.”

அப்போதே ஆட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல மருத்துவர் ஒரு சின்னப் பெண். அவசரப்படாமல் முழுக்கக் கேட்டாள். மருந்து எழுதினாள். நேராகக் கேட்டது நல்லது, அதனால் கெடுதல் வராது என்றாள். இப்போதைக்குத் தனியாக விடாதீர்கள் என்றும் சொன்னாள்.

விஷயத்தை மூடி மறைக்கத்தான் நான் பார்த்தேன். ஜோடிக்காரர் கிளப் முழுக்கச் சொல்லிவிட்டார். பாவி என்று மனதுக்குள் திட்டினேன். மறுநாளிலிருந்து கிளப்பே என் வீட்டில்தான். ஒருவர் வேலைக்குக் கூட்டிப்போவார், ஒருவர் கூட்டிவருவார், ஒருவர் சும்மா டீவி முன்னால் குந்தியிருப்பார். சரக்கு கேட்டு வந்தவன் இறால் கொண்டுவந்தான். நைட்டி போட்டுக்கொண்டு நிம்மதியாக நடமாட முடியவில்லை எனக்கு. திட்டிக்கொண்டே டீ போட்டேன். நன்றி கெட்டவள் என்று நினைக்காதீர்கள். அத்தனை பேரையும் எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

கொஞ்சம் தேறியதும், எல்லைக்குக் கூடப் போய்வந்தவர்களுக்கு இவரே போன் போட ஆரம்பித்தார். ஒருவர் சேலத்தில், ஒருவர் தூத்துக்குடியில் என்று ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகக் கிடந்தவர்கள். “பேஜாருன்னா எந்த பேஜாருடா? லாரி பேஜாரா, சாவற பேஜாரா?” என்று கேட்பார். அந்தப் பக்கம் சில நேரம் சிரிப்பு கேட்கும், சில நேரம் ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காவிட்டால் இவர் போனை வைக்க மாட்டார். அவர்கள் வீட்டுப் பெண்கள் இப்போது என்னோடும் பேசுகிறார்கள்.

முழுக்கச் சரியாகிவிட்டாரா என்றால், இல்லை. மாத்திரை தொடர்கிறது. சில நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “நாளிக்கி இன்னா கொழம்புமே?” என்றார்.

நாளைக்கு என்ற சொல்லை அவர் வாயில் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“உனுக்கு இன்னா வோணுமோ சொல்லுய்யா” என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.