ஸ்பீக்கர்தான் சரியில்லை

வேலூரில் அந்தக் கடைக்குள் என் மாமனார் கண்களை மூடிக்கொண்டு நின்ற விதம் இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, உதடுகளை இறுக்கி நின்றார். சர்ச் பாடகர் குழுவின் கொயர் பயிற்சியில் யார் சுருதி விலகுகிறார்கள் என்று கண்டுபிடிக்க அப்படித்தான் நிற்பார். எதிரே மேசைமேல் கணினி ஸ்பீக்கர்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. கடைக்கார பாய் ஒவ்வொன்றாக வயரைச் செருகிக் காட்டிக்கொண்டிருந்தார். என் இடுப்பிலிருந்த மகள் விரலைச் சப்பியபடி மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அவளுக்காகத்தான் ஸ்பீக்கர் வாங்கப் போயிருந்தோம்.

கைக்குழந்தைக்கு எதற்கு ஸ்பீக்கர் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊரில் யாரும் அவரை அந்த வேலையை வைத்து அடையாளம் சொல்வதில்லை. எங்கள் சர்ச்சின் கொயர் மாஸ்டர் என்றால்தான் தெரியும். பேஸ் என்கிற கீழ்க்குரல் அவருக்கு. கீர்த்தனையின் கடைசி வரியில் மற்ற குரல்களுக்குக் கீழே அவருடைய குரல் வந்து நிற்கும்போது, ஏதோ ஒன்று தாங்கிப் பிடித்தது போல இருக்கும். என் கணவர், அவருடைய அக்கா, அத்தை பிள்ளைகள் எல்லோரும் பாடுகிறவர்கள். சனிக்கிழமை மாலைகளில் கொயர் பயிற்சி எங்கள் முன்னறையில்தான் நடக்கும். கலவை என்ற ஊர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குப் பாட்டு வராது. பி.எஸ்ஸி. முடித்து ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வீட்டில் அது பெரிய தகுதியாகத் தெரியவில்லை. காது சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் நான் வாயைத் திறக்கத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிகளில் மகள் அசையாமல் தூங்குவாள். பக்கத்திலேயே இத்தனை பேர் முழுக்குரலில் பாட, ஹார்மோனியம் முழங்க, தொட்டிலில் இமைகூட ஆடாது. வந்தவர்களெல்லாம் அதிசயப்பட்டுப் பாராட்டினார்கள். “பாட்டுக்காரர் வீட்டுப் புள்ள இல்ல, தாலாட்டே கொயர்தான்” என்பார்கள். மாமனாருக்குப் பெருமை தாங்காது. நானும் சிரிப்பேன். பிறகு சமையலறைக்குப் போய், அவள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போடுவேன். சில சமயம் திரும்பினாள். பல சமயம் திரும்பவில்லை. திரும்பியபோதும் சத்தத்துக்குத் திரும்பினாளா, என் நிழல் அசைந்ததற்குத் திரும்பினாளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவதே பாவமோ என்ற பயம் வேறு.

கணவரிடம் ஒருநாள் சொல்லியே விட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “எங்கப்பா காதுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? கொழந்தைக்கு ஒண்ணும் இல்ல, நீ சும்மா மனச கொழப்பிக்காதே.”

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குக் கணினி வந்தது. கணவர் ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தார். கணினியில் மாடல் வரையக் கற்றுக்கொள்ள வாங்கினார். அதோடு கையடக்கமான இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களும் வந்தன. குழந்தைப் பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டு மகளை எதிரே உட்கார வைத்தோம். திரையில் ஆடிய பொம்மையைப் பார்த்துச் சிரித்தாள். முதுகு காட்டி உட்கார வைத்தால் தரையிலிருந்த நூலைப் பொறுக்கினாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் மாமனாரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் கவனித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் கவனித்தது வேறு.

“ஏம்மா, இது இன்னா சவுண்டு? தகர டப்பால ஈ பூந்த மாதிரி இருக்குது. இதக் கேட்டு எந்தப் புள்ள திரும்பும்? ஸ்பீக்கர்தான் சரியில்ல.”

“பேத்திக்கு இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள கொயர்ல சேக்கப் பாக்கறாரு மனுசன்” என்று மாமியார் உள்ளேயிருந்து கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பில் ஒரு ஆறுதல் கூட இருந்தது. ஸ்பீக்கர்தான் என்றால் மாற்றிவிடலாமே.

கடையில் பாய் முதலில் தடதடவென்று தாளம் போடும் சினிமாப் பாட்டுகளைப் போட்டார். மாமனார் கையை உயர்த்தினார். “அத்த நிறுத்துங்க பாய். மனுசன் கொரல் வர்ற பாட்டு போடுங்க.” அதற்கென்றே எங்கள் கொயரின் கிறிஸ்துமஸ் பாட்டு சி.டி.யைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதைப் போடச் சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

“இதுல என் கொரல் எங்க இருக்குது, சொல்லுங்க பாக்கலாம்.”

“இன்னா சார் நீங்க, இம்மாம் பேரு சேந்து பாட்றாங்க. அதுல உங்க கொரல நான் எங்க போயித் தேடறது?”

“அதான் பாய். ஸ்பீக்கர் சரியில்ல.”

பாய் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். முன்பக்கம் கறுப்புத் துணி, கூடவே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். “இதுல பேஸ் ஜாஸ்தி சார். கதவு ஜன்னல்லாம் ஆடும். பக்கத்து வூட்டுக்காரன் வந்து பேஜார் பண்ணா என்னச் சொல்லக் கூடாது.” பாட்டு தொடங்கியதும் மாமனாரின் குரல் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வருவது போல வந்தது. அவர் கண்களைத் திறந்தார். “இது ஸ்பீக்கர்” என்றார். நான் மகளைப் பார்த்தேன். மின்விசிறி. “மாமா, பாப்பா இன்னும் திரும்பலயே” என்று மெதுவாகச் சொன்னேன். “பஜார் சத்தத்துல எதக் கேட்டு எதுக்குத் திரும்பும்? வீட்டுக்கு வந்து பாரு” என்றார்.

வீட்டில் கணினி மேசையில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை. பக்கத்திலிருந்த பலகைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தோம். மகள் அதே கட்டிலில்தான் பகலெல்லாம் விளையாடுவாள். மாமனார் தன் பாட்டைப் போட்டார். அடிக்குரல் எழுந்ததும் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. திரும்பினாள். சிரித்தாள். தவழ்ந்து போய் இரண்டு உள்ளங்கைகளையும் பெட்டிமேல் வைத்துக் கன்னத்தையும் சாய்த்துக்கொண்டாள். வீடே கூச்சலிட்டது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாத்தியாம்மா, தாத்தா கொரல் தெரியுது அதுக்கு. புள்ள காதுல ஒரு கொறையும் இல்ல.” நான் முழு மனதோடு நம்பினேன். அன்று என் நெஞ்சிலிருந்து இறங்கியது என்னவென்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நம்பிக்கையிலேயே மாதங்கள் போயின. ஒரு வயது தாண்டியது. பக்கத்து வீட்டுக் குழந்தை ‘அத்தை’ என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தது. என் மகள் இன்னும் ‘அம்மா’ சொல்லவில்லை. “எங்க வம்சத்துல எல்லாம் லேட்டாத்தான் பேசுவோம், பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டோம்” என்றார் மாமனார். தினமும் மாலையில் பேத்தியைக் கட்டிலில் உட்கார வைத்துத் தன் குரலைப் போட்டுக் காட்டுவார். தினமும் அவள் சிரிப்பாள். சந்தேகப்பட எனக்கு என்ன இருந்தது?

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் பக்கம் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சாமான்களையெல்லாம் ஒரு பக்கம் நகர்த்தியபோது, சுண்ணாம்பு தெறிக்குமே என்று ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தேன். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மகள் கட்டிலில் கிண்ணத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மாமனாரின் குரல் எழுகிற இடம் வந்தது. அவள் கிண்ணத்தைப் புரட்டினாள். சத்தத்தைக் கூட்டினேன். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். உடனே திரும்பிச் சிரித்தாள். மறுபடி ஜன்னலில் வைத்தேன். கிண்ணம்.

வாசலில் கொயர் பெண்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்த மாமனாரைக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். செய்து காட்டினேன். “மறுபடி செய்மா” என்றார். செய்தேன். பிறகு என்னிடமிருந்து பெட்டியை வாங்கி அவரே ஜன்னலில் வைத்துப் பார்த்தார். கட்டிலில் வைத்துப் பார்த்தார். கடைசியில் குனிந்து தன் உள்ளங்கையைக் கட்டில் பலகையின் மேல் பதித்தார். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் இத்தனை நாள் சிரித்தது அந்த அதிர்வுக்குத்தான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்ததும் பாட்டை நிறுத்தினார். “நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போலாம். நீ அழாத. புள்ள மொகத்தப் பாக்குது பாரு.”

வேலூர் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்கென்று ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு வைத்தது போல மெத்தென்றிருக்கும். இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். மகளை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். சத்தங்கள் வந்தன, குருவி கத்துவது போல, மணி அடிப்பது போல. ஒவ்வொன்றும் கூடிக்கொண்டே போய் எனக்கே காது கூசியது. அவள் என் தாலிச் சங்கிலியை எண்ணுவது போலப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாமனார் நின்றிருந்தார்.

நாங்கள் வெளியே வந்ததும் பரிசோதித்த பெண்ணிடம் அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். “தப்பா நெனக்காதீங்கம்மா. அந்த ஸ்பீக்கருங்க ரெண்டும் சரியா வேல செய்யுதுங்களா?”

அந்தப் பெண் சிரித்திருக்கலாம், சலித்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. “நீங்களே உள்ள ஒக்காருங்க ஐயா. கேட்டா கைய தூக்குங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாக இப்போது நானும் மகளும் அவரைப் பார்த்தோம். அவர் கை தூக்கினார். அந்தப் பெண் சத்தத்தைக் குறைத்தாள். தூக்கினார். இன்னும் குறைத்தாள். பக்கத்திலிருந்த எனக்கு அவள் எதையாவது அழுத்துகிறாளா என்றே தெரியாத அளவுக்குக் குறைத்த பிறகும், அந்தக் கை மெதுவாக மேலே வந்தது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவர் முகம் உடைந்துகொண்டே போனது. ஸ்பீக்கர்கள் நன்றாகத்தான் இருந்தன.

இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தோம். சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று அவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். இன்று மகள் பள்ளிக்குப் போகிறாள். பேசுகிறாள். வெளியாட்களுக்கு அவள் சொல்வதை நான் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓயாமல் பேசிக்கொண்டே இருங்கள், உங்கள் வாயை அவள் பார்க்கட்டும் என்று பயிற்சி கொடுப்பவர் சொன்னதால், காலையில் எழுந்தது முதல் பேசிக்கொண்டே இருக்கிறேன். அரிசி களைவதைக்கூடச் சொல்லிக்கொண்டே களைகிறேன். சில வேளைகளில் அவள் சோர்ந்துபோய் என் வாயிலிருந்து பார்வையை விலக்கிக்கொள்வாள். அப்போது முகவாயைத் திருப்பி மறுபடி பார்க்க வைப்பதா, விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரிவதில்லை. கேட்கலாமென்றால் மாமனார் இப்போது இல்லை. அப்படிப்பட்ட வேளைகளில் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனை.

மிஷின் இன்னும் வந்திருக்கவில்லை. கொயருக்கு முன்னால், மாமனாரின் இடத்தில், சபையைப் பார்த்தபடி என் கணவர் நின்றிருந்தார். மாமனார் வெள்ளை அங்கி போடாமல், சாதாரண சட்டையில் வந்து, எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்து நின்றோம். மகள் பெஞ்சின் மேல் நின்றபடி, என் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். முன்னால் அவள் அப்பாவின் வாய் திறந்து மூடியது. மாமியாரின் வாய், பக்கத்து வரிசைக் குழந்தைகளின் வாய், பாட்டு வராத என் வாய். ஒவ்வொன்றாக, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள். கீழ்க்குரல் சேர வேண்டிய வரி வந்து, அது இல்லாமலே கடந்து போயிற்று. அவர் உதடுகள் மூடியிருந்தன. அவள் என் தோளை விட்டாள். பெஞ்சிலேயே இரண்டடி நடந்துபோய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். துக்கத்தினால் பாடாமல் இருந்தாரா, அவளுக்காகவா என்று பிறகும் நான் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் திறக்கவில்லை.