வராத கிளைம்கள்

ஸம்றாவின் வேலை நடக்கப்போகும் விபத்துகளை எண்ணுவது. வாயால் நல்லதே சொல்லாத வேலை என்று அவளுடைய உம்மாவுக்கு இன்னும் கவலை. கல்முனையில் ஒரு வாகனக் காப்புறுதிக் கம்பனியின் கிளையில் இருந்துகொண்டு, கடந்த வருடங்களின் மாதக் கணக்கைக் கணினி மாதிரியில் போட்டு, வருகிற மாதம் இந்தக் கரையோர ஊர்களிலிருந்து இழப்பீடு கேட்டு எத்தனை கிளைம் வரும் என்று கொழும்புத் தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்கே பணம் ஒதுக்கிவைப்பார்கள்.

முதல் வருடம் கணக்கு சறுக்கியது. ஏப்ரலில் கிளைம் குறையும் என்று கணினி சொன்னது, குறைந்ததோ மார்ச்சில். கிளைம் குறைகிற அந்தப் பள்ளம் வருடாவருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் பிறந்தவளுக்கு அது என்னவென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. பிறை பார்த்து வரும் நோன்பு மாதத்துக்கென்று அட்டவணையில் தனியாக ஒரு நிரலைச் சேர்த்தாள், கணக்கு பிடித்துக்கொண்டது. காரணம் என்னவென்று தலைமையகம் கேட்டதற்கு, "நோன்பில் வாகன ஓட்டம் குறைவு" என்று எழுதி அனுப்பினாள்.

பொய் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் எழுதியது. நோன்பு திறக்கச் சற்று முன்னால் கல்முனைப் பிரதான வீதியில் நின்று பார்த்த எவரும் அப்படி எழுத மாட்டார்கள். கஞ்சி வாளியும் சமோசாப் பையும் தொங்க, உயிர் போகிற அவசரத்தில் ஊரே ஓடும்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த நோன்பில் அவளுக்கும் வந்தது. கணவன் றிபாத் பாலமுனையிலிருந்து மீன் ஏற்றுகிற வேன்தான் வீட்டுக்குச் சோறு போடுவது. பள்ளிவாசல் கஞ்சியோடு பறந்துவந்த ஊர்க்காரன் பக்கீரின் ஆட்டோ அதன் பக்கவாட்டில் மோதியது. கதவு உள்ளே போய்விட்டது, வேன் முழுக்கக் கஞ்சி. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

"எங்கட ஒபிஸுக்குக் கோல் எடுத்தீங்களா?" என்று கேட்டாள் ஸம்றா.

"இல்ல புள்ள. அவன்ட ஆட்டோக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சி கிடக்கு. கம்பனி ஆள் வந்து பார்த்தா பொலிஸுக்குப் போகும், ஆட்டோவப் பிடிச்சி வைப்பாங்க. பெருநாளைக்கு அவன்ட புள்ளைகள் என்ன செய்யும்?" என்றான் றிபாத்.

"அப்ப நம்மட புள்ளைகள்? கதவு பூட்டாத வேன்ல மீன் ஏத்த ஏலுமா?"

"நோன்போட மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிட்டன். சொன்ன வாயால திரும்ப என்னத்தக் கதைக்க?"

ஸம்றாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நியாயமான ஆத்திரம்தான், மன்னித்த நன்மை அவருக்கு, பட்டினி வீட்டுக்கா? போனைக் கையில் எடுத்தாள். தன் அலுவலக இலக்கத்தை அழுத்தப் போனவளுக்கு நோன்புக் கணக்கில் விழுகிற அந்தப் பள்ளம் நினைவுக்கு வந்தது. எத்தனை வீட்டில் இப்படி எடுத்த போனைக் கீழே வைத்திருப்பார்கள்? வாகனம் ஓடாததால் குறைந்த கிளைம் இல்லை அது. அவளும் போனை வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள்.

மறுநாள் பக்கீர், கராஜில் வேலைசெய்யும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் நோன்போடு வெயிலில் நின்று கதவைத் தட்டி நிமிர்த்தினார்கள். கதவு சாத்துப்படும், ஆனால் கயிறு கட்டினால்தான் நிற்கும். அது போதுமென்று றிபாத் மீன் ஏற்றப் புறப்பட்டுவிட்டான்.

பெருநாள் கழிந்து பார்த்தபோது ஸம்றாவின் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. கொழும்பிலிருந்து பாராட்டு வந்தது. அவள் பழைய காரணத்தைத் திருத்தி அனுப்பினாள்: "நோன்பில் விபத்து குறைவதில்லை. மன்னித்துவிடுகிறார்கள்."

"ஆதாரம் இணைக்கவும்" என்று பதில் வந்தது.

கயிறு கட்டிய வேன் கதவைப் படம் எடுத்து இணைத்தாள்.