இருமலுக்கு மட்டும் வந்த குரல்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர். மாடியறையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "ஏழாவது நடைமேடையில்" என்பதோடு குரல் நின்றுவிட்டது. அதற்கு மேல் வந்தது வெறும் காற்று. மைக்தான் கெட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவன் மைக்கைத் தட்டி இரண்டு ஹலோ சொன்னான். நிலையம் முழுக்கக் கேட்டது. பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். மூக்கு வழியாகக் கேமராவை விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தொண்டை நன்றாக இருந்தது, நரம்பு நன்றாக இருந்தது, கட்டி கிட்டி எதுவும் இல்லை. "சந்தோஷப்படுங்கம்மா" என்றார் இரண்டாமவர். தலையாட்டி வைத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிவிட்டாள்.

அறிவிப்புகளைப் பலகையில் எழுதிக் கீழே கொண்டுபோய் வைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாடிப்படி. மூன்றாவது வாரம் ஒரு கண்டக்டர் பலகையைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்க்கா. கல்யாணமாகி இப்பதான் முதல் தடவையா நிம்மதியா பேப்பர் படிக்கிறாராம்" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கணீரென்று, பழைய குரலில். பின்னால் மேலாளர் நின்றுகொண்டிருந்தார்.

"சிரிக்கக் குரல் இருக்கு, பஸ் பேர் சொல்ல மட்டும் இல்லையா? என்ன வியாதின்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

சிரிப்பு அதன்பின் தானாகவே நின்றுவிட்டது. இருமலைத்தான் அடக்க வேண்டியிருந்தது. பேச்சுக்கு வராத குரல் இருமலுக்கு மட்டும் வந்து தொலைத்தது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, இருமலை உள்ளுக்குள்ளேயே விழுங்கப் பழகினாள். தனியாகப் பாத்திரம் கழுவும்போது "ஏழாவது" என்று சொல்லிப் பார்ப்பாள். காற்றுதான். ஒருவேளை நானேதான் இப்படிச் செய்கிறேனோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தையும் சுமந்துகொண்டு படியேறுவதுதான் பெரிய அசதியாக இருந்தது.

வியாழக்கிழமை கணவன் அவளைக் குரல் சிகிச்சை தரும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். அந்தம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "எங்க, ஒரு தடவை இருமுங்க" என்றார்.

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள்.

"சும்மா லேசாம்மா."

உதட்டை இறுக்கிக்கொண்டாள். கணவன் பொறுத்துப் பார்த்தான், முடியவில்லை. "சத்தமா வருது டாக்டர். வெளிய தெரியக்கூடாதுன்னு அடக்கிக்கிறா."

காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். அந்த ஆத்திரத்திலேயே இருமல் வெடித்தது. முழுக் குரலில்.

டாக்டரம்மா முகத்தில் கோபமில்லை. "இதைப் போய் ஏம்மா மறைச்சீங்க? இதைத்தானே நான் தேடிட்டு இருக்கேன். இந்த மாதிரி குரல் போறவங்களுக்கு இருமல் இப்படித்தான் வரும். நீங்க நடிக்கல. ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்கும் முழுசா தெரியாது. ஆனா பயிற்சி குடுத்தா திரும்பி வர வாய்ப்பு இருக்கு."

அவள் கேட்ட கேள்வி காற்றாக வந்தது. "எழுதித் தருவீங்களா?"

வெள்ளிக்கிழமை மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். வேண்டுமென்றே செய்வதல்ல, சிரிப்பிலும் இருமலிலும் குரல் வருவது இந்த நோயில் உள்ளதுதான் என்று அதில் இருந்தது.

"எப்ப சரியாகும்?"

கையை விரித்தாள்.

அவர் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரி, அதுவரைக்கும் பலகையே எழுதுங்க. கீழயே ஒரு மேசை போடச் சொல்றேன். படி ஏற வேண்டாம்."

அவள் ஒரு தாளை எடுத்து, அரைநாள் விடுப்பு வேண்டும் என்று எழுதி நீட்டினாள். காரணம் என்ற இடத்தில், தூங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அவர் அதை ஒரே முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.