லூப்பே சுமந்த விடைகள்

என் பக்கத்து வீட்டு லூப்பே, எங்கள் தீவின் நெயாஃபு சந்தையில் தர்ப்பூசணியும் சேப்பங்கிழங்கும் விற்பவள். அவள் வாய் வழியாகப் போகிற எந்தச் சொல்லும் இனித்துவிடும். சந்தையில் இருவர் முறைத்துக்கொண்டால் இவள் நடுவில் புகுந்து, அவன் சொன்னதாக இவனிடமும் இவன் சொன்னதாக அவனிடமும் நல்லதாகவே சொல்லிச் சேர்த்துவைத்துவிடுவாள். எனக்கு அது எரிச்சல். உள்ளதை உள்ளபடி சொன்னால் நாக்கு அழுகிவிடுமா?

இந்த நவம்பரில் அவள் வேதியியலைச் சுமந்தாள். மகள் சேலாவுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. போன வருடம் அந்த ஒரு பாடத்தில் கோட்டை விட்டவள். இந்த முறையும் போனால் செவிலியர் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தான், அண்ணன் ஹவேயா. ஊர்க் குடிநீரில் குளோரின் சோதிப்பவன். ஆனால் எங்கள் தீவு வழக்கத்தில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஓர் அறையில் உட்காரவோ முகம் பார்த்துப் பேசவோ முடியுமா? அவன் முற்றத்தின் மறுகோடியில், சீமைப்பலா மரத்தடிக் குடிசையில். அவள் வீட்டுக்குள். நடுவில் லூப்பே.

சேலா கணக்கைப் போட்டுத் தருவாள். தங்கையின் பொருளை அவன் தொடமாட்டான் என்பதால் லூப்பே தாளை விரித்துப் பிடிப்பாள். ஹவேயா எட்டிப் பார்த்து வாயால் சொல்வான். அதை அவள் மகளிடம் கொண்டுபோவாள். வேலிக்கு இந்தப் பக்கம் மரவள்ளி சீவிக்கொண்டே நானும் பார்ப்பேன். நாளுக்கு நாள் சேலாவின் முகம் மலர்ந்தது. ஹவேயாவின் முகம் மட்டும் ஏனோ கறுத்துக்கொண்டே வந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடிசை ஒழுகவே ஹவேயா வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து ஒண்டினான். கீரைக்கறி கொடுக்கப் போன நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சேலா சத்தமாக ஒப்பித்தாள்:

"கந்தக அமிலம் ஒரு பங்கு, சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு பங்கு..."

ஹவேயா துள்ளி எழுந்தான். "அம்மா! இங்க வா. ஒரு பங்கு அமிலத்துக்கு ரெண்டு பங்கு காரம்னு தெனம் சொன்னேனே! தப்பு, தப்புன்னு தொண்ட வத்தச் சொன்னேனே! அவகிட்ட போய் நீ என்னதான் சொன்ன?"

லூப்பே ஈரமில்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நல்லா போடுறன்னு அண்ணன் சொல்றான்னு சொன்னேன்."

"ஐயோ அம்மா!"

"பின்ன என்னடா? அண்ணன் வாயிலேர்ந்து தங்கச்சிக்கு தப்புன்னு ஒரு வார்த்த போகலாமா? இந்த வீட்ல எவன் அப்படிப் பேசியிருக்கான்?"

"நாளைக்குப் பரீட்சடி, பாவி!" என்று நான் வெடித்தேன். "உன் தேன் நாக்குல தீய வைக்க!"

உள்ளே ஒப்பிக்கும் சத்தம் நின்றிருந்தது. எல்லாம் கேட்டிருக்கும். கடைசியில் சேலாவின் குரல் வந்தது.

"அம்மா, அண்ணன் என்ன சொல்றாரோ அத அப்படியே வந்து சொல்லு. எதையும் மாத்தாத."

தாள் வந்தது. "தப்பு," என்றான் ஹவேயா, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி. லூப்பே உள்ளே போய், மகளைப் பார்க்காமல், "தப்பாம்," என்றாள். மறுபடி வந்தது. "இன்னும் தப்புதான். அமிலத்தோட மோல் எண்ணிக்கைய ரெண்டால பெருக்கச் சொல்லு." இந்த முறை வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்ச் சொன்னாள், ஒரு சொல் குறையாமல். அவள்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு எங்கேயோ போய்விட்டது. பாவமாக இருந்தது.

சேலா அழுதாள், அழித்தாள், திரும்பப் போட்டாள். இருட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த தாளை ஹவேயா நெடுநேரம் பார்த்தான்.

"சரி," என்றான் தணிந்த குரலில்.

லூப்பே உள்ளே ஓடினாள். "சரியாம்டி! சரின்னுட்டான்!"

சேலா கேட்டாள்: "அண்ணன் சொன்னாரா, இல்ல நீயா சொல்றியா?"

லூப்பே தாளோடு வாசலுக்கு வந்து ஹவேயாவைப் பார்த்தாள். அவள் என்ன சொன்னாலும் அந்தப் பெண் நம்பப்போவதில்லை.

ஹவேயா சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். மழையைப் பார்த்தபடி, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"சரி. முழுசா சரி."

உள்ளே அடுத்த கணக்குக்குத் தாள் புரளும் சத்தம் கேட்டது.