பெரிய முள்ளுக்கு ஒரு வைஸ்

என் சித்தப்பா தனகோடி எதைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். நாற்காலியின் கை, பேருந்தில் பிடிக்கிற கம்பி, புதிதாகப் போட்ட கதவுத் தாழ்ப்பாள், எதுவானாலும் சரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அதை ஒரு நூலளவு இடமும் வலமும் அசைக்கும். அசைந்தால் "ஆட்டம் கீது" என்பார். அசையாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். நான் பி.எஸ்சி. சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோதும், உள்ளே இருந்ததைப் பார்ப்பதற்கு முன் சட்டத்தின் மூலையைத்தான் ஆட்டிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பார்த்துவந்ததால் எனக்கு அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே இருக்கிறது. இருந்த நிலம் ஒரு குடும்பத்துக்குத்தான் போதும் என்று ஆனபோது அது அண்ணனான என் அப்பாவிடம் நின்றது. தம்பி தையல் மெஷினுக்குப் போனார். புதுப்பட்டினம் கடைத்தெருவில், கல்பாக்கம் டவுன்ஷிப் ஊழியர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிற வழியில், அவர் கடை இருந்தது. பேண்ட் நன்றாகத் தைப்பார், சட்டை சுமார்.

குப்பத்து மீனவர்கள் அவரிடம் நூல் வாங்கத்தான் வந்தார்கள். வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் படகின் பின்னால் இழுத்துப்போகிற தூண்டிலில் இரை வைப்பதில்லை. முள்ளின் தண்டில் சேவல் இறகைக் கட்டிவிடுவார்கள். தண்ணீரில் அது சின்ன மீன் போல ஓடும். கட்டு தளர்ந்தால் இறகு சுற்றிக்கொண்டு கூர்முனையை மூடிவிடும். அப்புறம் மீன் கவ்வினாலும் மாட்டாது. 1988ஆம் வருஷம் ஒருவர் அப்படித் தளர்ந்த முள்ளோடு வந்து கெட்டி நூல் கேட்டார். சித்தப்பா முள்ளை வாங்கி, நூலில் மெழுகு தேய்த்து, தானே கட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். பிறகு அது நிற்கவில்லை. கூலி பெரும்பாலும் மீனாக வந்தது.

"பேண்ட்டு அளவு குடுக்க வர்ற சாருங்கல்லாம் மூக்கப் புடிச்சினு நிக்கறாங்க," என்பார் அம்சா சித்தி. "பலகையில டெய்லருன்னு போட்டுகீது. மீன் மார்க்கெட்டுன்னு மாத்திடேன்."

"நீ கொழம்பு வெக்கறச்ச மூக்கப் புடிக்கலியே," என்பார் சித்தப்பா.

பத்து வருஷம் அவர் கட்டிய ஒரு முள்கூட ஆடுகிறது என்று திரும்பி வரவில்லை. 1998 ஆகஸ்டில் ஒரு டஜன் திரும்பி வந்தது.

கொண்டுவந்தவர் ஹரிசங்கர். சென்னைக்காரர். மாமல்லபுரத்தில் ஃபைபர் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, ஓட்டல்களில் தங்கும் வெளிநாட்டாரைத் தூண்டில் போடக் கடலுக்குள் அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய முள் குப்பத்து முள்ளைப் போல மூன்று மடங்கு இருக்கும். தண்டு பேனா ரீஃபில் கனம். செய்தித்தாளில் சுற்றிப் பன்னிரண்டு கொடுத்திருந்தார். சித்தப்பா வழக்கம்போல் இடது கை விரல்களில் பிடித்துக் கட்டிக் கொடுத்திருந்தார்.

"இதப் பாருங்க மாஸ்டர்," என்று ஹரிசங்கர் ஒன்றை எடுத்து இறகைத் திருகினார். கட்டு மொத்தமும் தண்டைச் சுற்றித் திரும்பியது. "ஒரு மீன் இழுத்ததுமே இப்படி ஆயிடுச்சு."

சித்தப்பா பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் கீது," என்று அவரே சொன்னார்.

"டிசம்பர்ல கெஸ்ட்டுங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள ஆடாத மாதிரி ஒரு டஜன் கட்டிக் குடுத்தீங்கன்னா சீசன் முழுக்க வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா சிங்கப்பூர்ல ரெடிமேடா வாங்கிக்குவேன்."

கனமான தண்டில் கட்டு நிற்க நூலை முழு பலத்தோடு இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் முள் விரலுக்குள் புரண்டுவிடும். அந்த வாரம் சித்தப்பாவின் இடது கட்டைவிரலில் மூன்று முறை குத்தியது. முள்ளைப் பிடித்துக்கொள்ள விரலைவிடப் பலமான ஒன்று வேண்டும், அதாவது பட்டறைகளில் இரும்பை இறுக்கிப் பிடிக்க வைத்திருப்பதுபோல ஒரு வைஸ். ஹரிசங்கரிடம் ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன கேட்டலாக் இருந்தது. அதில் தூண்டில் கட்டுவதற்கென்றே செய்த வைஸ்கள் இருப்பதாகச் சொல்லி அதைக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதை என்னிடம் கொண்டுவந்தார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கணிதம். வேலை இல்லை. டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தேன். தெருவுக்கு வருகிற இங்கிலீஷ் எல்லாம் என்னிடம்தான் வரும். உர மூட்டை, மின்வாரியக் கடிதம், மாத்திரை அட்டை. எது வந்தாலும் தெரியாது என்று சொல்லாமல் பழகியிருந்தேன்.

ஒரு பக்கத்தில் இரண்டு வைஸ்கள் படத்தோடு இருந்தன. ஒன்று மெல்லியது, பார்க்க அழகானது. பிடிக்கும் முள் அளவு 14 முதல் 32 வரை. இன்னொன்று தடித்தது. அதன் அளவு 1/0 முதல் 10/0 வரை என்று போட்டிருந்தது. பூஜ்யத்தால் வகுத்த எண்ணுக்குக் கணிதத்தில் பொருள் கிடையாது. அச்சுப்பிழை என்று முடிவு செய்தேன். பிழையை விட்டுவிட்டாலும் முப்பத்திரண்டு பத்தைவிடப் பெரியது.

"இதுதான் சித்தப்பா. முப்பத்திரண்டு வரைக்கும் புடிக்கும்."

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம முள்ளுல நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாவும். ஆறாம் நம்பரு பெருசு, பன்னெண்டு சின்னது. அங்கியும் அப்டித்தானடா இருக்கும்?"

"அது குப்பத்துக் கணக்கு. கம்பெனி புக்குல அப்டி இருக்காது."

"இது ஒல்லியாக் கீதே?"

"எஃகு சித்தப்பா. ஒல்லியா இருந்தாலும் பலம்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் படித்தவன்.

டவுன்ஷிப் விஞ்ஞானி தேசிகன், சித்தப்பாவின் வாடிக்கைக்காரர், செப்டம்பரில் ஒரு கருத்தரங்குக்காக அமெரிக்கா போனார். பயணத்துக்கான பேண்ட்டுகளை வாங்க வந்தபோது சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வைஸின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தேசிகன் சீட்டைப் படித்துவிட்டு, "என்ன தனகோடி, தையலை விட்டுட்டு மீன் பிடிக்கக் கிளம்பிட்டேளா?" என்று சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. அக்டோபர் கடைசியில் அட்டைப்பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். விலை சொல்ல மறுத்துவிட்டார். அவருக்கு அடுத்த இரண்டு பேண்ட்டுகளைச் சித்தப்பா கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தார்.

பெட்டியைப் பிரித்தபோது நான் கூட இருந்தேன். வைஸ் வெள்ளிபோல மின்னியது. அதன் வாய் ஊசிமூக்கு மாதிரி இருந்தது. முழுதாகத் திறந்தும் ஹரிசங்கரின் முள் உள்ளே போகவில்லை. சித்தப்பா முள்ளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு குப்பத்து முள்ளை எடுத்தார். அதுவும் போகவில்லை.

"நம்பர் ஏறினா சின்னதாவும்னு சொன்னேனே," என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னார்.

அம்சா சித்தி எட்டிப் பார்த்தார். "இன்னா இது, கொசு புடிக்கறதா? மூணு வருசம் காலேஜி போயி கொசு புடிக்கத்தான் கத்துகினு வந்தானா?"

"வுடு அம்சா."

இரண்டு நாள் கழித்துத் தேசிகன், "சரியா இருக்கா?" என்று கேட்டபோது, "ரொம்ப நல்லா கீது சார்," என்றார் சித்தப்பா. நான் அங்கேயே காஜா எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தவறு என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சித்தப்பாவிடமும் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்ததுதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது எனக்கு வசதியாக இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

நவம்பர் பிறந்துவிட்டது. சித்தப்பா என்னை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய் ஓர் இரும்புக் கடையில் சின்ன பெஞ்சு வைஸ் ஒன்றை இரவல் வாங்கினார். அது முள்ளை அசையாமல் பிடித்தது. அதில் கட்டிய முள்ளை அவர் கடல் தண்ணீர் நிறைத்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தார். நான்காம் நாள் எடுத்துப் பார்த்தபோது, வைஸின் பல் கடித்த இடங்களில் வரிசையாகத் துரு பூத்திருந்தது. மேல்பூச்சு அங்கே பெயர்ந்திருந்தது.

"இதக் குடுத்தா கட்டு நிக்கும், முள்ளு ஒடைஞ்சிடும்," என்றார். பெஞ்சு வைஸ் கடைக்கே திரும்பிப் போனது.

அதே தெருவின் கடைசியில் ராமானுஜம் என்பவரின் லேத் பட்டறை இருந்தது. இரும்புக் கடைக்காரர் சொல்லித்தான் போனோம். ராமானுஜம் அரைக்கை பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்து லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா துருப்பிடித்த முள்ளைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"பல்லு இருந்தா கடிக்கத்தான் செய்யும்," என்றார் ராமானுஜம். "உனுக்குப் பல்லு எதுக்கு அண்ணாத்த? முள்ளு குந்தறதுக்குப் பள்ளம் இருந்தா போதாதா?"

"எந்த அளவுக்குப் பள்ளம்?"

"முள்ளு எந்த அளவோ அந்த அளவு. சட்டை தைக்கறவனுக்கு நான் சொல்லணுமா?"

"பேண்ட்டு," என்றார் சித்தப்பா. "சட்டை எனுக்கு அவ்ளோ வராது."

ராமானுஜம் அப்போதுதான் சிரித்தார். முள்ளின் வளைவை அளவு கருவியில் பிடித்துப் பார்த்தார். ஒரு பழைய லாரி அச்சின் துண்டை அறுத்து இரண்டு தாடைகள் செய்தார். ஒவ்வொன்றிலும் முள்ளின் வளைவு பாதி அமிழும்படி பள்ளம் எடுத்து, எமரித் தாளால் வழவழப்பாகத் தேய்த்தார். இறுக்க ஒரு கைப்பிடி. மெஷின் மேசையின் ஓரத்தில் மாட்ட ஒரு கொக்கி. மூன்று சனிக்கிழமைகள் ஆயின. மூன்றாவது சனிக்கிழமை சித்தப்பா முள்ளை அதில் வைத்து இறுக்கி, ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னா, ஊமையாயிட்ட?" என்றார் ராமானுஜம்.

"நல்லா கீதுன்னா பேசமாட்டாரு," என்றேன் நான்.

கூலி கேட்டபோது ராமானுஜம் கையை ஆட்டினார். "டப்பு வோணாம். பட்டற மேற்கால பாத்துகினு கீது. ஒரு மணிக்கு மேல வெயில் நேரா லேத்து மேல அடிக்குது. இரும்பத் தொட முடியல. கித்தான்ல ஒரு மறைப்பு தச்சுக் குடு. சுருட்டி வெக்கற மாதிரி."

சித்தப்பா உடனே டேப்பை எடுத்து வாசலை அளந்தார். அளவை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. அவர் வாடிக்கைக்காரர்களின் அளவைக்கூட மனதில்தான் வைத்திருப்பார். "பொங்கலுக்குள்ள எடுத்துகினு வர்றேன்," என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஹரிசங்கர் புதிய டஜனை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. "மாஸ்டர், இது வேற கை," என்றார். மறுநாள் இருநூறு முள் அனுப்பினார். இந்த முறை பெட்டியோடு வந்தது. பெட்டியின் மேல் 8/0 என்று அச்சிட்டிருந்தது, நான் அச்சுப்பிழை என்று தள்ளிய அதே மாதிரி எண். நான் அதைப் பார்த்தேன். சித்தப்பா என் பக்கம் திரும்பாமல் பெட்டியைப் பிரித்தார்.

அந்த சீசனிலிருந்து அவர் அந்த வைஸில்தான் கட்டினார். கட்டு தளர்ந்து ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பேண்ட்டுகளும் தைத்தார். கித்தான் வாங்கிக் கடையின் பரண்மேல் போட்டிருந்தார். பொங்கல் போய், சித்திரை போய், "இந்த வாரம் தச்சிடறேன்" என்று அவர் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏன் தைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவர் வேலையைத் தள்ளிப்போடுகிறவர் இல்லை. முள் வேலை அதிகம் என்று அப்போது நினைத்தேன். கூலி வாங்காத ஒருவரின் வேலையை எல்லாருமே கடைசியில்தான் வைக்கிறோமோ என்று இப்போது நினைக்கிறேன். 2001 பிப்ரவரியில் ஒரு காலை, கடையைத் திறந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். ஐம்பத்திரண்டு வயது. கடையைக் காலி செய்தபோது கித்தானை யாரோ எடுத்துப் போனார்கள்.

அடுத்த வருஷம் நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். சான்றிதழ் நகல் வேலையாகச் செங்கல்பட்டுக்குப் போனபோது பட்டறைப் பக்கம் நடந்தேன். ராமானுஜம் வாசலில் இரண்டு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"டெய்லரு எப்டி கீறாரு? கித்தான் எடுத்துகினு வந்தியா?"

"சித்தப்பா தவறிட்டாருண்ணே. வருசம் ஒண்ணு ஆயிடிச்சு."

அவர் லேத்தை நிறுத்தினார். அது சுற்றி ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அளவு எடுத்துகினு போனாரேன்னு நானு வேற ஆளாண்ட சொல்லல," என்றார்.

வேறு தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துத் தருகிறேன், வாசலின் அளவு வேண்டும் என்றேன். என்னிடம் டேப் இல்லை. அவர் முழம் போட்டுக் காட்டினார். அடியாக மாற்றி மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாவலூர் வருவதற்குள் அகலம் ஒன்பதா பத்தா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அதன்பின் மூன்று தடவை செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறேன், அந்தத் தெருவுக்குப் போகவில்லை. கித்தான் இன்னும் தைக்கப்படவில்லை.