இடப்பக்கமே சுற்றிய நாய்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த கடைசித் தெருவில் குடியிருந்த தேவஇரக்கத்தை ஊருக்கு இரண்டு காரணத்தால் தெரியும். முதல் உலகப்போரின்போது பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டி மெசபடோமியா வரை போனவர். துருக்கிக்காரனிடம் கைதியாகி, செத்தேவிட்டார் என்று ஆலயத்தில் ஜெபம் நடத்தி முடித்த பிறகு, 1919-ல் எலும்பும் தோலுமாக வந்து நின்றவர். இது ஒன்று. மற்றது, அவர் பழக்கிக் கொடுக்கிற வெள்ளை நாய்கள்.

அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு உண்டு. துருக்கிக்காரன் பூட்டிய விலங்கு அறுத்த காயம் என்று ஊர் சொல்லும். அவர் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. கல்யாண வீட்டில் யாராவது அந்தக் கையைப் பிடித்துப் புதிய ஆளுக்குக் காட்டினால் பேசாமல் காட்டிக்கொண்டு நிற்பார்.

எங்கள் பக்கத்து வெள்ளை நாயைக் கொஞ்சுவதற்காக எவனும் வாங்குவதில்லை. தோப்புக்குக் காவல் வேண்டும், களத்துக்குக் காவல் வேண்டும், அதற்குத்தான். பால்குடி மறந்ததும் குட்டியை இருட்டறையில் கட்டுவார்கள். ஒரே கைதான் கஞ்சி வைக்க வேண்டும். குழந்தைகள் தொடக் கூடாது, வேறு நாய் கண்ணில் படக் கூடாது. வளர்ந்தபின் வெளியே ஒரு முளையில் மூன்று முழச் சங்கிலி. அப்படி வளர்ந்தால்தான் அந்நிய வாடைக்கு ஈரக்குலை நடுங்கக் குரைக்குமாம். இந்தப் பாவத்தைச் சுத்தமாகச் செய்வதில் தேவஇரக்கத்தை மிஞ்ச ஆளில்லை. பாவம் என்று நான்தான் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அதற்குத் தொழில் என்று பெயர்.

சோழபுரம் உக்கிரபாண்டிக்கு அவர் பழக்கிய நாய் வெள்ளையன். உக்கிரபாண்டிக்கு நிலபுலம் நிறைய, கோபம் அதைவிட நிறைய. நாய் வேறு யார் கையிலும் தின்னாது என்பதால் தேவஇரக்கம் தினமும் காலையில் சோழபுரத்துக்கு நடந்து போய்க் கஞ்சி வைத்துவிட்டு, அங்கேயே தோட்ட வேலைகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்ந்து திரும்புவார்.

இரண்டாம் வருஷம் வெள்ளையன் முளையைச் சுற்ற ஆரம்பித்தது. எப்போதும் இடப்பக்கமாகவே. வண்டித்தடம் மாதிரி மண்ணில் வட்டமாகப் பள்ளம் விழுந்தது. உக்கிரபாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "என் நாய் சிப்பாய் மாதிரி பாரா போடுது, பாருங்க" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீலைக் கூட்டிவந்து காட்டினார். வக்கீல் தனக்கும் அதேபோல் சுற்றுகிற நாய் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தேவஇரக்கமும் தலையாட்டினார். தலையாட்டிய ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது ஏன் சுற்றுகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். வெளியே சொன்னால் தன் கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

1933 பங்குனியில், ஒரு மதியம், உக்கிரபாண்டியின் மனைவி வெள்ளத்தாய் பின்கட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். வெள்ளையன் சுற்றுவதும், நின்று தன் முன்னங்காலைத் தானே கடிப்பதும், மறுபடி சுற்றுவதுமாக இருந்தது. வாயெல்லாம் சிவந்த நுரை. கிணற்றடியில் இருந்த தேவஇரக்கம் ஓடிவந்தபோது, பன்றி சுடுகிற துப்பாக்கியோடு உக்கிரபாண்டி நின்றுகொண்டிருந்தார். களத்து வேலையாட்கள் சுவரோரம் கூடியிருந்தார்கள்.

"தள்ளு தேவஇரக்கம். வெறி புடிச்சிருச்சு."

"வெறி இல்லய்யா. அது கடிச்ச ரத்தம்தான் நொரையில கலந்திருக்கு."

"தன் காலத் தானே கடிக்கது வெறி இல்லாம வேற என்னலே?"

தேவஇரக்கம் தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி வட்டத்தின் மேலேயே வைத்தார். வெறிநாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்பது ஊரறிந்த சோதனை. வெள்ளையன் குடித்துவிட்டால் பிழைத்தது. அது சுற்றி வந்தது, சட்டியைத் தாண்டியது, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. மறுசுற்றிலும் அப்படியே.

"பாத்தீகளா, தண்ணி ஆகலை அதுக்கு" என்றான் வேலையாள் மாரிசாமி.

ஆனால் தேவஇரக்கம் அதன் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் வைத்த இடத்திலேயே கால் வைத்தது. மிரண்ட நாய் அப்படி நடக்காது. அதற்குத் தண்ணீர் தெரியவில்லை. தண்ணீர் என்ன, துப்பாக்கியும் தெரியவில்லை.

"பட்டாளத்துல மாசக்கணக்கா கட்டிப்போட்ட கழுதை, குதிரையெல்லாம் நின்ன எடத்துலயே ஆடும்யா. அவுத்து மேய விட்டா கொறையும். வெட்னரி தொரை சொல்லுவாரு..."

"கழுதைக் கதைய ஒம் பொண்டாட்டிட்டச் சொல்லு. வீட்டுல புள்ளைக இருக்கு." உக்கிரபாண்டி துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.

தேவஇரக்கம் குழல் முனைக்கும் நாய்க்கும் நடுவே போய் நின்றார். சுடுவார் என்கிற பயம் பாதி. பேசப்போகிற பேச்சின் பயம் மீதி. பதினான்கு வருஷம் ஊர் கொடுத்த மரியாதை அத்தனையும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது. அதை நீட்டினார்.

"இது வெலங்கு அறுத்த தழும்பு இல்லய்யா. நல்லாப் பாருங்க. என் பல்லு."

கையை நீட்டியபடியே மேலே சொன்னார்.

"தப்பி ஓடப் பாத்தேன்னு ஒரு குதிரைக் கொட்டடியில அடைச்சான். ஏழு மாசம். ஏழு அடி நடந்தா செவரு. திரும்பி ஏழு அடி. காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும். சோத்த வச்சா தாண்டிப் போவேன். நடந்தும் தீராத அன்னைக்கு இந்தக் கையக் கடிப்பேன். ரத்தம் வந்தா செத்த நேரம் நல்லா இருக்கும். எனக்கு வெறி புடிச்சிருந்துச்சாய்யா? இந்தா, ஒங்க முன்னால நிக்கேன். இந்த நாய மூணு முழத்துல கட்டுனவன் நான். தெரிஞ்சே கட்டுனேன்."

உக்கிரபாண்டி சுடவும் இல்லை, துப்பாக்கியை இறக்கவும் இல்லை. அவர் என்ன நினைத்தார் என்று கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. தேவஇரக்கம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டத்துக்குள் போனார். வெள்ளையன் அவர் முழங்காலை உரசிக்கொண்டு சுற்றிப் போயிற்று. அடுத்த சுற்றில் அதன் கழுத்தைப் பிடித்துச் சங்கிலியைக் கழற்றினார். நுரை அவர் விரலெல்லாம் ஒட்டியது. சுவரோரக் கூட்டம் கதவுப்பக்கம் ஒதுங்கியது. நாய் ஓடவில்லை. சங்கிலி இல்லாமலேயே அதே பள்ளத்தில் அதே இடப்பக்கமாகச் சுற்றியது. அதைப் பார்த்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கேப்பைக் களி உருண்டையைப் பிட்டு, கருவாட்டுத் துண்டுகளை அதில் பொதிந்து, பக்கத்தில் கிடந்த வைக்கோலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எறிந்தார். சட்டியில் வைத்தால் தாண்டிப் போகும். தேடினால்தான் கிடைக்கும் என்று வைத்தால் மூக்கு வேலை செய்யும். ஒரு சுற்று. இரண்டு சுற்று. துப்பாக்கியின் குதிரை இழுபடும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. நான்காவது சுற்றில் வெள்ளையன் நின்றது, தலையைத் தூக்கி மோந்தது, பள்ளத்தை விட்டு ஒரு காலை வெளியே வைத்தது. பிறகு வைக்கோலைக் கிளறிக் கிளறித் தின்றது. தின்று முடித்துச் சட்டித் தண்ணீரைக் காலி செய்தது.

"பத்து நாள்" என்றார் உக்கிரபாண்டி. "வெறிநாய்னா அதுக்குள்ள செத்துரும். கிணத்துத் தோட்டத்துல அதோட நீயும் கெட. செத்துச்சுன்னா ஒன்னையும் ஆசுபத்திரிக்கு அனுப்பணும்."

பத்து நாளும் சுவர் வைத்த தோட்டத்துக்குள் இருவரும் கிடந்தார்கள். நாய் அசந்து படுத்தாலும் அவர் எழுந்து போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார். அதன் எச்சில் பட்ட விரலில் களை பிடுங்கிய கீறல் இருந்தது அவருக்கு மட்டும் தெரியும். பத்தாம் நாள் வெள்ளையன் ஒரு ஓணானைத் துரத்திப் பாத்தியை நாசம் செய்தது. உக்கிரபாண்டி வந்து பார்த்துவிட்டு, "கட்டாம காவலுக்கு ஆகாது. நீயே கூட்டிட்டுப் போ" என்றார். வக்கீலுக்கு நாய் பழக்கித் தர முடியாது என்று தேவஇரக்கம் ஆள் விட்டுச் சொன்னார். அதன்பிறகு அவர் எந்த நாயையும் கட்டவில்லை, அந்தத் தொழிலும் அத்தோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து சேருமுன்பே மணிக்கட்டுக் கதை வந்து சேர்ந்திருந்தது. மனைவி அமிர்தவல்லி முகம் கொடுக்காமல் சோறு போட்டாள். வெள்ளையன் பின்கொல்லையில் முளையே இல்லாத இடத்தில் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பை விடக் குறைவுதான், ஆனாலும் சுற்றியது. அதன் பக்கத்தில், மண்சுவரை நோக்கி ஒரு நேர்கோட்டுத் தடம் புல் முளைக்காமல் கிடந்தது. ஒவ்வொரு விடியலிலும் தேவஇரக்கம் சுவர் வரை ஏழு அடி போய்த் திரும்பித் திரும்பி நடக்கிற தடம். அப்பா ஜெபம் பண்ணுகிறார், சத்தம் போடாதீர்கள் என்று பிள்ளைகளை அடக்கி வைப்பாள் அமிர்தவல்லி.

"பல்லுத் தழும்புன்னு எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "பதினாலு வருசமா அந்தக் கையப் பிடிச்சிக்கிட்டுத்தான தூங்குதேன். நடக்கதத்தான் ஜெபம்னு நெனச்சிட்டேன்."

"ஜெபமாத்தான் ஆரம்பிச்சேன். அடிக்கு ஒரு வார்த்தை. பொறவு வார்த்தையெல்லாம் போச்சு, காலு மட்டும் நிக்கலை."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலப் பின்கொல்லைக்குப் போனவர் திகைத்து நின்றார். அமிர்தவல்லி சேலையைச் செருகிக்கொண்டு, கடப்பாறையால் அந்த மண்சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் விழுந்து, அதற்கப்பால் ஓடையும் கருவேலங்காடும் மலையும் தெரிந்தன. வெள்ளையன் சுற்றுவதை நிறுத்தி இடிபாட்டை மோந்து பார்த்தது, பிறகு தாண்டிக் குதித்து ஓடையில் இறங்கியது.

"நடங்க" என்றாள் அமிர்தவல்லி, மூச்சு வாங்க.

அவர் ஏழு அடி நடந்தார். கால் தானாகத் திரும்பப் பார்த்தது. இடிந்து கிடந்த மண்ணின் மேல் எட்டாவது அடியை வைத்தார்.